சோற்றில் மறைத்த பூசணிக்காய்: ஸ்டோரேஜ் திரையை எப்படி வாசிப்பது?

சி டிரைவ் பட்டை சிவப்பாகிவிட்டால் நாம் எல்லோரும் முதலில் என்ன செய்கிறோம்? போட்டோ ஃபோல்டரைத் திறக்கிறோம். மங்கலாக விழுந்தது, ஒரே மாதிரி ரெண்டு தடவை எடுத்தது, பழைய வீடியோ என்று ஒவ்வொன்றாக அழிக்கிறோம். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்கிறோம். பட்டை கொஞ்சம் நீலமாகிறது. நாலு நாளில் மறுபடி சிவப்பு.

சில மாதங்களுக்கு முன்னால் என் சித்தி இப்படித்தான் போன் செய்தார். லேப்டாப்பில் இடமே இல்லை, எதைத் திறந்தாலும் நின்றுவிடுகிறது என்றார். போய்ப் பார்த்தேன். 256 ஜிபி டிரைவ், அதில் ஒன்றரை ஜிபி மிச்சம். "இதுவரைக்கும் எதை அழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"உங்க சித்தப்பா எடுத்த வீடியோ எல்லாம்தான்பா. வேற எதைத் தொட்டாலும் கெட்டுப்போயிடுமோன்னு பயம். அது ஒண்ணுதான் என்னோடதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சுது."

சித்தப்பா இப்போது இல்லை. அழித்த வீடியோக்கள் மொத்தம் 4 ஜிபி தேறும். அதே டிரைவில், சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு ஃபோல்டருக்குள், ஒரு போன் கம்பெனியின் சாஃப்ட்வேர் எடுத்து வைத்த மூன்று பேக்கப்புகள் இருந்தன. மொத்தம் 81 ஜிபி. அதில் இரண்டு, சித்தி எப்போதோ மாற்றிவிட்ட பழைய போன்களுடையவை.

"இடத்தை மீட்க பத்து வழிகள்" என்று இணையத்தில் ஏராளமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வகை அல்ல. ஸ்டோரேஜ் திரை என்பதை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாருக்காகப் பேசுகிறது என்று பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். சித்தி சொன்ன அந்தக் கடைசி வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியிலேயே ஒரு குழப்பம்

பெட்டியில் 256 ஜிபி என்று போட்டிருக்கும். விண்டோஸில் திறந்தால் 238 ஜிபி என்று காட்டும். 500 வாங்கினால் 465, ஒரு டிபி வாங்கினால் 931. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்பவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணை, அதாவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை, ஒரு ஜிபி என்கிறது. படி ஒன்றுதான், அளக்கிற ஆள் மாறினால் கொள்ளளவு மாறுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ல் கிபிபைட், மெபிபைட், கிபிபைட் வரிசையில் புதிய பெயர்களைக் கொண்டுவந்தது (தமிழில் எழுதும்போது கிலோவுக்கான கிபியும் கிகாவுக்கான கிபியும் ஒன்றாகிவிடுவது நம்முடைய தனிக் கஷ்டம்). ஆப்பிள் 2009-ல் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பில் பத்தடிமானக் கணக்குக்கே மாறிவிட்டது. விண்டோஸ் பழைய கணக்கையும் விடவில்லை, ஜிபி என்ற எழுத்தையும் விடவில்லை. அளவைக்கே நேர்மையான பெயர் வைக்காத திரை மற்றதற்கு எப்படிப் பெயர் வைக்கும் என்ற சந்தேகம் இங்கேயே வந்துவிட வேண்டும்.

இதர செலவுகள்

கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் ஒட்டுவார்கள் இல்லையா? பந்தல், மேளம், வாணவேடிக்கை, அன்னதானம் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில் "இதர செலவுகள்" என்று ஒரு வரி. அந்த வரி சின்னதாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பந்தலைவிடப் பெரிதாக இருந்தால் ஊரே கேட்கும்.

மேக் கணினியின் ஸ்டோரேஜ் திரையில் அந்த வரி ரொம்ப காலம் "மற்றவை" என்றே இருந்தது. பிறகு அதற்கு "சிஸ்டம் டேட்டா" என்று பெயர் வந்தது. பெயர் மாறியதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "மற்றவை" என்றால், என்னது அது என்று கேட்கத் தோன்றும். "சிஸ்டம் டேட்டா" என்றால், ஐயோ தொடக்கூடாது போல என்று தோன்றும். ஆனால் அந்த வரிக்குள் சிஸ்டத்துக்குச் சொந்தமானது மட்டுமா இருக்கிறது? நாம் நிறுவிய செயலிகளின் கேஷ், பழைய லாக், டைம் மெஷின் டிரைவிலேயே எடுத்துவைத்த லோக்கல் ஸ்னாப்ஷாட் எனப் பலதும் கலந்து கிடக்கிறது.

இந்த ஸ்னாப்ஷாட் விவகாரம் பலரைக் குழப்பியிருக்கிறது. 30 ஜிபி வீடியோவை அழிக்கிறீர்கள், குப்பையையும் காலி செய்கிறீர்கள், இடம் மட்டும் கூடவே இல்லை. காரணம் எளிது. அழிப்பதற்கு முன்னால் எடுத்த ஸ்னாப்ஷாட் அந்த வீடியோவின் தரவைப் பிடித்து வைத்திருக்கிறது. பொதுவாக ஒரு நாளில் அது விட்டுவிடும், அவசரமாக இடம் வேண்டும் என்றால் சிஸ்டம் அதற்கு முன்பே விடுவிக்கும். இதையெல்லாம் கணக்கில் எடுத்து ஃபைண்டர் ஒரு காலி இடத்தைக் காட்டும். டெர்மினலில் கேட்டால் வேறு எண் வரும். இரண்டுமே பொய் இல்லை. ஒன்று "இப்போது காலி", இன்னொன்று "கேட்டால் காலி செய்து தரக்கூடியது". இந்த வித்தியாசத்தை ஒரே ஒரு வரியில் எழுதினால் தீர்ந்தது. எழுதமாட்டார்கள்.

விண்டோஸ் பக்கம் பூசணிக்காய்கள் இன்னும் பெரியவை. ஹைபர்னேஷன் ஃபைல் என்று ஒன்று, சி டிரைவின் வேரிலேயே ஒளிந்து கிடக்கும். பொதுவாக அது ரேம் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் இருந்தால் 6.4 ஜிபி. நீங்கள் ஒருநாளும் ஹைபர்னேட் செய்திருக்காவிட்டாலும் அது அங்கே இருக்கும். வேகமாக பூட் ஆவதற்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்தது ரெஸ்டோர் பாயின்ட்கள். இவை இருக்கிற சிஸ்டம் வால்யூம் ஃபோல்டரை அட்மினாக நுழைந்தாலும் சாதாரணமாகத் திறக்க முடியாது. 2019 மே மாதப் பதிப்பிலிருந்து, அப்டேட்டுக்காக என்று சுமார் 7 ஜிபியைப் புதிய கணினிகளில் முன்பதிவு செய்துகொள்ளும் வழக்கமும் வந்தது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸ் முழுதாக ஒரு ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். பத்து நாளில் அது தானே போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது வின்-எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர். விண்டோஸின் உறுப்புகள் எல்லாம் குடியிருக்கும் இடம் அது. ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் கொடுக்கும் ஹார்டு லிங்க் முறை அங்கே உண்டு. எக்ஸ்புளோரர் இரண்டு பெயரையும் தனித்தனியாக எண்ணி, இருப்பதைவிட அதிகம் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் டிஸ்ம் கருவியைக் கொண்டு அந்த ஃபோல்டரை ஆராயச் சொன்னால் வரும் அறிக்கையைப் பாருங்கள். முதல் வரி, எக்ஸ்புளோரர் சொல்லும் அளவு. இரண்டாவது வரி, உண்மையான அளவு. ஒரே கம்பெனியின் இரண்டு கருவிகள், ஒரே ஃபோல்டருக்கு இரண்டு எண். அதை அவர்களே அச்சடித்துத் தருகிறார்கள். ஒரு வகையில் இது பாராட்டத்தக்க நேர்மை. ஆனால் அந்த நேர்மை கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரிந்தவருக்கு மட்டும்தான் கிடைக்கிறது.

இரண்டு கணக்குப்பிள்ளைகள்

"லினக்ஸ்னா இந்தப் பிரச்சினையே இல்லை" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். வரட்டும். அங்கேயும் டி-எஃப், டி-யு என்று இரண்டு கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள். டி-எஃப் ஃபைல் சிஸ்டத்திடமே நேராகக் கேட்டு, இவ்வளவு போயிருக்கிறது என்கிறது. டி-யு ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து, பெயர் உள்ள ஃபைல்களைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் ஆள் உண்மையில் கற்றுக்கொள்கிறான்.

பிரபலமான உதாரணம் இது. ஒரு சர்வரில் லாக் ஃபைல் 40 ஜிபி ஆகிவிட்டது என்று அழிக்கிறீர்கள். டி-யு குறைகிறது, டி-எஃப் அசையவில்லை. ஏனென்றால் நீங்கள் அழித்தது பெயரை மட்டும்தான். அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் அதை மூடும்வரை உள்ளே இருக்கும் தரவு போகாது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றியாயிற்று, குடியிருப்பவர் காலி செய்யவில்லை. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் அடுத்த நொடி இடம் வரும்.

எக்ஸ்ட் வகை ஃபைல் சிஸ்டத்தில் இயல்பாகவே 5 சதவீதம் ரூட் பயனருக்கு ஒதுக்கி வைக்கப்படுகிறது. டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சுவிட வேண்டும் என்பதற்காக. டிஸ்க்குகள் சின்னதாக இருந்த காலத்தில் நல்ல ஏற்பாடு. இன்று 4 டிபி டிஸ்க்கில், படம் மட்டும் சேமிக்கிற டிஸ்க்கில், அது 200 ஜிபி. குறைத்துக்கொள்ள ஒரே கட்டளை போதும். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று எந்தத் திரையும் தானாக வந்து சொல்லாது.

லினக்ஸின் பெருமை, மறைக்காததில் இல்லை. கேட்டால் சொல்லும், அவ்வளவுதான். கேட்கத் தெரியாதவருக்கு அதுவும் மறைத்ததும் ஒன்றுதான்.

டிரீமேப்: தொலைந்துபோன கேள்வி

இந்த இருட்டில் வெளிச்சம் காட்டியது ஒரு படம். 1990-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனின் ஆய்வகத்தில் ஒரு 80 எம்பி டிஸ்க் இருந்தது. 14 பேர் பகிர்ந்துகொண்ட டிஸ்க். அது நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. எந்தப் பெரிய ஃபைலை அழிக்கலாம், யார் அதிகம் இடம் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் கிளை கிளையாக விரியும் மர வரைபடத்தில் பார்க்க முடியவில்லை. அதனால் அவர் மரத்தைச் சதுரத்துக்குள் மடக்கினார். திரை முழுவதும் டிஸ்க். அதை நெடுக்கில் வெட்டினால் ஃபோல்டர்கள், அவற்றைக் குறுக்கில் வெட்டினால் உள் ஃபோல்டர்கள். பரப்பளவுதான் அளவு. பாகப்பிரிவினை வரைபடம் மாதிரி. அதுதான் டிரீமேப். இன்று பங்குச்சந்தை முதல் தேர்தல் வரை எல்லாவற்றுக்கும் போடுகிற அந்தக் கட்டம் கட்டமான படத்தின் பூர்வீகம், ஒரு நிரம்பிப்போன ஹார்டு டிஸ்க்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யார்கே வான் வைக்கும் ஹூப் வான் டெ வெட்டரிங்கும் 1999-ல் அந்தக் கட்டங்களுக்குத் தலையணை போலப் புடைப்பும் நிழலும் கொடுத்தார்கள். எது எதற்குள் இருக்கிறது என்பது கோடு போடாமலே புரிந்தது. சிக்கோயாவியூ அங்கிருந்து வந்தது. லினக்ஸில் கே-டிர்ஸ்டாட், அதைப் பார்த்து விண்டோஸில் வின்டிர்ஸ்டாட். ஸ்கேன் ஓடும்போது குட்டி பேக்-மேன்கள் கோட்டின்மேல் ஓடுமே, அதேதான். மாஸ்டர் ஃபைல் டேபிளை நேரடியாகப் படித்துவிடுவதால் விஸ்ட்ரீ சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

இவற்றை நான் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன், நன்றியோடுதான். இருந்தாலும் ஒரு விமர்சனம் உண்டு. ஆய்வகத்தில் எழுந்த கேள்விகள் இரண்டு: எது பெரியது? யாருடையது? கருவிகள் முதல் கேள்வியை மட்டும் வளர்த்தெடுத்தன. வின்டிர்ஸ்டாட்டின் வண்ணங்கள் ஃபைல் வகையைச் சொல்கின்றன, வீடியோ ஒரு நிறம், ஜிப் ஒரு நிறம். உரிமையாளரைச் சொல்வதில்லை. நம் லேப்டாப்பில் ஒரே ஆள்தானே என்று நினைத்திருப்பார்கள் போல. உண்மையில் அந்த 14 பேர் இன்றும் நம் டிஸ்க்கில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆட்கள் இல்லை. பிரவுசர், போன் சாஃப்ட்வேர், கேம், எடிட்டிங் செயலி, அப்டேட் என்று வேறு பெயரில் இருக்கிறார்கள். பதினைந்தாவது ஆளாக ஓரத்தில் நாம்.

பரப்பளவு மதிப்பு இல்லை என்பது இன்னொரு குறை. படத்தில் பெரிதாகப் புடைத்து நிற்கும் கட்டத்தின் மேல்தான் கை போகும். சித்தி வீட்டில் நான் இந்தப் படத்தை முதலிலேயே போட்டுக் காட்டியிருந்தால்கூட, சித்தப்பாவின் வீடியோக்கள் பளிச்சென்று தெரிந்திருக்கும். எந்தப் பேக்கப் அழிக்கக்கூடியது என்று படம் சொல்லியிருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் வின்டிர்ஸ்டாட்டை மனதாரப் பாராட்டுவேன். விருப்பப்பட்டால் அது "தெரியாதது" என்று ஒரு கட்டத்தையும் வரைந்து காட்டும். டிரைவ் சொல்லும் மொத்தத்துக்கும், தான் நடந்து எண்ணியதற்கும் உள்ள வித்தியாசம் அது. இவ்வளவு இடம் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்று ஒரு சாஃப்ட்வேர் ஒப்புக்கொள்வது பெரிய விஷயம். "சிஸ்டம் டேட்டா" என்ற அதிகாரமான பெயரைவிட இந்த ஒப்புதலில் எனக்கு மரியாதை அதிகம்.

துடைப்பத்தின் கதை

சுத்தம் செய்யும் கருவிகளைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில், டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தார்கள். தற்காலிக ஃபைல், பழைய தம்ப்நெயில், ரீசைக்கிள் பின், அதோடு டவுன்லோட்ஸ். தானாக டிக் ஆகியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் இருபது வருஷமாக அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை டிக் செய்து பழகிய கைகள் எத்தனை! பலர் சம்பள ரசீதையும் ஸ்கேன் செய்த பத்திரத்தையும் வைத்திருப்பது டவுன்லோட்ஸில்தான். பின்னால் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

அதே அப்டேட் இன்னொரு காரியமும் செய்தது. சி டிரைவில் இடம் மிச்சம் பிடிக்க, டாக்குமென்ட்ஸ் மாதிரி ஃபோல்டர்களை டி டிரைவுக்குத் திருப்பிவிடுவது பலரும் செய்வது. அப்படிச் செய்தவர்களுக்கு முந்தைய பதிப்பில் காலி ஃபோல்டர்கள் இரட்டிப்பாகத் தெரிந்தன. புகார் வந்ததால், அந்த உபரிகளை நீக்க ஒரு நிரல் சேர்த்தார்கள். அது பழைய இடத்தில் இருந்த ஃபோல்டரை உள்ளே இருந்த ஃபைல்களோடு சேர்த்து நீக்கியது. வெளியான சில நாட்களிலேயே அப்டேட்டை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13-ல்தான் மறுபடி விட்டார்கள். பத்தாயிரத்தில் ஒருவர் என்ற விகிதத்தில்தான் இழப்பு பதிவானது என்றார்கள். அந்த ஒருவருக்கு அது நூறு சதவீதம்.

வெளியார் கருவிகளும் விதிவிலக்கில்லை. 2017-ல் சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே தீநிரலைப் புகுத்திவிட்டார்கள், சுமார் 22 லட்சம் கணினிகளில் அது நிறுவப்பட்டிருந்தது. வீட்டைப் பெருக்க வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மறைப்பதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்தால், வின்-எஸ்எக்ஸ்எஸ் பெரிசா இருக்கே என்று யாராவது அழித்துவிட்டு, மறுநாள் பூட் ஆகவில்லை என்று வந்து நிற்பார்கள். கேஷ் என்பதும் வீண் இல்லை, காலியாகக் கிடக்கும் இடத்தை வேகமாக மாற்றுவதுதான் அது. தேவைப்படும்போது தானே விலகும் ஸ்னாப்ஷாட் உண்மையிலேயே நல்ல யோசனை.

என் குறை மறைப்பது பற்றியே இல்லை. சுமை யார் தலையில் விழுகிறது என்பது பற்றி. இடம் போதாதபோது திரை நம்மிடம் பெயர் சொல்லிக் காட்டுவது நம் படங்களையும் வீடியோக்களையும் டவுன்லோடுகளையும்தான். மற்றதெல்லாம் சாம்பல் நிறப் பட்டை. அப்படியானால் பயந்த மனிதர் எதை அழிப்பார்? திரும்பக் கிடைக்காத ஒன்றை அழித்து, எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கக்கூடிய ஒன்றுக்கு இடம் கொடுக்கிறார்.

ஒரு நல்ல ஸ்டோரேஜ் திரை ஒவ்வொரு வரிக்கும் மூன்று பதில் சொன்னால் போதும். இதை உருவாக்கியது யார்? அழித்தால் மறுபடி கிடைக்குமா? நான் ஒன்றும் செய்யாவிட்டால் தானே எப்போது போகும்? இது நடக்காத ஆசை இல்லை. பழைய விண்டோஸ் ஃபோல்டர் விஷயத்தில் இந்த மூன்றுக்கும் பதில் ஏற்கனவே இருக்கிறது. அதே மரியாதையை மற்ற வரிகளுக்கும் கொடுக்கலாம்.

அதுவரை நாமே அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் தானே போகக்கூடியது: பழைய விண்டோஸ், ஸ்னாப்ஷாட், தற்காலிக ஃபைல். அடுத்து மறுபடி உருவாக்கக்கூடியது: கேஷ், திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய கேம், பயன்படுத்தாத செயலி. அதற்கடுத்து இரட்டைகள்: பழைய போன் பேக்கப், ஒரே படத்தின் பிரதிகள். நாமே எடுத்தது, எழுதியது, பதிவு செய்தது எல்லாம் கடைசி. அதையும் அழிக்காமல், வெளி டிஸ்க்குக்கு நகர்த்தி, அங்கே திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான். அவசரத்தில் ஒருபோதும் இல்லை. இப்போதைய எஸ்எஸ்டிகளில் ஃபைலை அழித்ததும் டிரிம் என்ற ஏற்பாட்டின் மூலம் அந்த இடம் காலி என்று டிரைவுக்குச் சொல்லப்படுகிறது, டிரைவ் பின்னணியில் அதைத் துடைத்துவிடுகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் மீட்டெடுத்த அனுபவத்தை நம்பி இங்கே இறங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

சித்தியின் லேப்டாப்பில் பழைய பேக்கப் இரண்டையும் எடுத்ததும் 50 ஜிபிக்கு மேல் கிடைத்தது. பட்டை நீலமானதைப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த வீடியோ?" என்று கேட்டார். மீட்கும் சாஃப்ட்வேரை இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் சில வந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு தம்பியின் பழைய போனில், எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி ஒன்று கிடைத்தது. சுருங்கி, மங்கி, 40 செகண்ட். சித்தப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்து, "இந்தப் பக்கம் பாரு" என்கிறார், முகம் இல்லை. அதை இப்போது மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறோம். மூன்றும் சேர்ந்து 10 எம்பி கூட வராது.